காறை எலும்பு முறிந்தால்: கண்டறிதல், தூக்குக் கட்டுதல், ஆறவிடுதல்

விழுந்தவர் எழும்பி இருந்துவிட்டார். அடிபட்ட பக்கத்து முழங்கையை மற்றக் கையால் ஏந்திப் பிடித்தபடி இருக்கிறார். தலை அந்தப் பக்கம் சாய்ந்து, மோவாய் மறுபக்கம் திரும்பியிருக்கிறது. தோள் கொஞ்சம் கீழிறங்கி முன்னுக்கு வந்திருக்கிறது. பிடித்த கையை விடச் சொன்னால் விடமாட்டார். இப்படி ஒருவர் இருந்தால், தொட்டுப் பார்க்கும் முன்னரே காறை எலும்பு முறிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். அவர் தானாகப் பிடித்திருக்கும் அந்தப் பிடியே அவருக்குக் கிடைத்த முதல் சிகிச்சை. அதைக் குலைக்காமல், அவருடைய மற்றக் கை செய்யும் வேலையை, கையை ஏந்தி நிற்கும் ஒரு துணி (இதுதான் தூக்கு) செய்யும்படி மாற்றிக் கொடுப்பதுதான் முதலுதவியின் பெரும்பகுதி.

காறை என்பது கழுத்தில் அணியும் ஒரு பழைய நகை. அது கிடக்கும் இடத்தில், தோலுக்கு அடியிலேயே கைக்குத் தட்டுப்படும் எலும்பு இது. தொண்டைக் குழியின் இரு பக்கமும் தொடங்கி, மெல்லிய இரட்டை வளைவோடு தோள்நுனி வரை போகும். முழுக் கையையும் உடம்போடு எலும்பால் இணைப்பது இது ஒன்றுதான். ஆகவே தோள் நிலத்தில் மோதும் விசை இதன் வழியாகவே நெஞ்சுக்குப் போகிறது. நடுப்பகுதி ஒல்லி, தசைநார்ப் பிடிப்பும் அங்கே குறைவு. பத்து முறிவில் ஏழெட்டு அந்த நடுப்பகுதியில்தான்.

முறிந்ததும் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிடும். கழுத்துத் தசை உள்பக்கத் துண்டை மேலே இழுக்கும். கையின் பாரம் வெளிப்பக்கத் துண்டைக் கீழே இழுக்கும். நெஞ்சுத் தசை தோளையே உள்ளுக்கு இழுக்கும். அதனால் துண்டுகள் விலகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கையைப் பிடித்து இழுத்தால் நேரானது போலத் தெரியும், விட்ட கணமே தசைகள் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்த இழுவையால் எலும்புக்கு ஒரு நன்மையும் இல்லை. எலும்புக்குக் கீழே கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களும், கையின் நரம்புக் கொத்தும், நுரையீரலின் உச்சியும் கிடக்கின்றன. கூரான துண்டை ஆட்டினால் குத்துவது அவற்றைத்தான்.

வன்னியில் இது வரும் வழிகள் தெரிந்தவை. இரவில் ஏ9 வீதியிலோ முல்லைத்தீவு வீதியிலோ கட்டாக்காலி மாட்டோடு மோதி மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்படுவது, கிரவல் வீதியில் சைக்கிள் சறுக்குவது, உழவு இயந்திரப் பெட்டியில் நின்று போய் விழுவது, பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் மரத்தால் விழுவது, மழை ஈரத்தில் வரம்பு வழுக்குவது. கையை ஊன்றி விழுந்தாலும் முறியும், ஆனால் கூடுதலாக முறிப்பது தோளின் வெளிப்பக்கம் நேராக அடிபடுவதே. எந்த வேகத்தில் விழுந்தார், எது முதலில் பட்டது என்று கட்டாயம் கேளுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவருக்கும் வேகமாக ஓடி விழுந்தவருக்கும் காறை எலும்பு மட்டும்தான் முறிந்தது என்று நம்பக்கூடாது. அது கண்ணுக்கு முன்னால் புடைத்து நிற்பதால் பார்ப்பவர் கவனம் முழுவதையும் இழுத்துக்கொள்ளும். முறிந்த விலாவும், கழுத்தும், வயிற்றுக்குள் கசியும் இரத்தமும் கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

எலும்புக்கு முன் மூச்சும் கையும்

முதலில் மூச்சு. ஆழமாக இழுத்துவிடச் சொல்லுங்கள். மூச்சு முட்டினால், இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், உதடு நீலித்தால், கழுத்தடித் தோலைத் தொடும்போது தோலுக்கடியில் காற்றுக் குமிழிகள் நொறுங்குவது போலப் பட்டால், நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்திருக்கலாம். அது அவசரம். அதேபோல நடுக்கழுத்து எலும்பில் நோ, கால் விறைப்பு, மயக்கம், திரும்பத் திரும்பச் சத்தி, குழம்பிய பேச்சு ஏதாவது இருந்தால் அவரை எழுப்பி இருத்த வேண்டாம். கிடந்த நிலையிலேயே தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு அம்புலன்சை அழையுங்கள். தலைக்கவசத்தையும், மூச்சுக்குத் தடையாக இல்லாவிட்டால், கழற்றாமல் விடுங்கள்.

அடுத்தது கை. மணிக்கட்டில், பெருவிரல் பக்கத்தில் நாடியைத் தொட்டு மற்றக் கையோடு ஒப்பிடுங்கள். விரல் நகத்தை அழுத்தி வெளிறச் செய்து விடுங்கள், 2 செக்கனுக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். விரல்களைத் தொட்டு உணர்ச்சி இரு கையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு மூன்று அசைவு: பெருவிரலை மேலே நிமிர்த்தச் சொல்லுங்கள், பெருவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வளையம் பிடிக்கச் சொல்லுங்கள், எல்லா விரலையும் விரிக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றும் கையின் மூன்று பெரிய நரம்புகளையும் சோதித்துவிடும், தோளைத் துளியும் அசைக்க வேண்டியதில்லை. பார்த்த நேரத்தோடு ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். வைத்தியரிடம் "முதலில் விரல் அசைந்தது, இப்போது அசையவில்லை" என்று நேரத்தோடு சொல்ல முடிந்தால் அதற்குப் பெரிய பெறுமதி உண்டு. கை குளிர்ந்து வெளிறினாலோ, காறை எலும்புக்கு மேலே வீக்கம் கண்முன்னே பெருத்துக்கொண்டு போனாலோ இரத்தக் குழாய் கிழிந்திருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

பிறகு தோல். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், அல்லது முறிவுக்கு மேல் சிறிய இரத்தக் காயம் இருந்தாலே, சுத்தமான துணியால் மூடுங்கள். எலும்பை உள்ளே தள்ள வேண்டாம். மஞ்சள், கோப்பித்தூள், எண்ணெய் ஒன்றும் வைக்க வேண்டாம். காயத்துக்குள் போன எதையும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கழுவி எடுக்க வேண்டியிருக்கும், எலும்புக்குள் கிருமி போனால் மாதக்கணக்கில் இழுக்கும். தோல் கிழியாவிட்டாலும், எலும்பு முனை உள்ளிருந்து கூடாரம்போலத் தூக்கி, அந்த இடத்துத் தோல் வெளிறிப் பளபளத்து, கிள்ளிப் பிடிக்க முடியாமல் இறுகியிருந்தால், அதுவும் அன்றே வைத்தியர் பார்க்க வேண்டிய நிலை. இரத்தமோட்டம் நின்ற தோல் பிறகு தானாக அழுகித் திறக்கும்.

முறிவுதானா என்று பார்ப்பது

சட்டைப் பொத்தான்களைக் கழற்றி இரு தோளையும் ஒன்றாகப் பாருங்கள். மேலே சொன்ன பயங்கள் இல்லையென்றால், தொண்டைக் குழியிலிருந்து ஒற்றை விரலால் எலும்பின் வழியே மெதுவாக வெளியே வாருங்கள். முறிந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குள் நோ கூர்மையாக இருக்கும். பெரும்பாலும் அங்கே புடைப்போ படியோ தட்டுப்படும். விழுந்தபோது "டக்" என்று சத்தம் கேட்டதாக அவரே சொல்லக்கூடும். எலும்போடு எலும்பு உரசும் சத்தம் கேட்கிறதா என்று ஆட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைச் செய்யவே வேண்டாம். கண்டல் உடனே தெரியாது. ஓரிரு நாளில் நெஞ்சுப் பக்கம் இறங்கி நீலமாகவும் பின் மஞ்சளாகவும் பரவும், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

இதோடு மாறிப்போகக்கூடியவை சில உண்டு. தோள்மூட்டு விலகியிருந்தால் தோளின் உருண்டை போய்த் தட்டையாக, மூலை எழுந்தது போல இருக்கும். முழங்கை உடம்போடு சேராமல் விலகியே நிற்கும், அந்தக் கையால் மற்றத் தோளைத் தொட முடியாது. காறை எலும்பு முறிந்தவரின் கை அநேகமாக உடம்போடு ஒட்டியே இருக்கும். புடைப்பு தோளின் நுனியிலேயே இருந்தால் அது காறை எலும்பு தோள்பட்டையோடு சேரும் மூட்டின் விலகலாகவோ வெளிநுனி முறிவாகவோ இருக்கலாம். எக்ஸ்றே இல்லாமல் பிரிக்க முடியாது, முதலுதவி இரண்டுக்கும் ஒன்றே. மறக்கக்கூடாதது உள்நுனி. தொண்டைக் குழிக்குப் பக்கத்தில் எலும்பு புடைக்காமல் பள்ளம் விழுந்து, விழுங்கக் கஷ்டம், குரல் கம்மல், மூச்சு முட்டல், கழுத்து இரத்த நாளம் புடைத்தல் ஏதும் சேர்ந்தால் எலும்பின் முனை பின்னால் போய் மூச்சுக் குழாயையும் பெரிய குழாய்களையும் அழுத்துகிறது. அரிது, ஆனால் உயிராபத்து.

சின்னப் பிள்ளைகளின் எலும்பு பச்சைத் தடி போன்றது. ஒரு பக்கம் வெடித்து மறுபக்கம் வளையும், அதனால் புடைப்பே தெரியாமல் இருக்கலாம். கமக்கட்டில் கைகொடுத்துத் தூக்கும்போது வீறிட்டு அழுவதும், சட்டை போடும்போது அந்தக் கையை இழுத்துக்கொள்வதுமே அடையாளம். பிறந்த குழந்தைக்கும், முக்கியமாகப் பிரசவத்தில் தோள் சிக்கியிருந்தால், காறை எலும்பு முறியலாம். ஒரு கையை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தால் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். முறிவு இரண்டு மூன்று கிழமையில் தானாக ஒட்டிவிடும். ஆனால் கை அசையாததற்குக் காரணம் முறிவா நரம்புக் காயமா என்பதை வைத்தியர்தான் பிரித்தறிய வேண்டும்.

தூக்குக் கட்டுதல்

ஒரு மீற்றர் சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணத் துணி கிடைக்கும். பழைய பருத்திச் சேலை, வேட்டி, பிரித்த சாரம் எல்லாம் ஏற்றவை. வழுக்கும் நைலெக்ஸ் துணி வேண்டாம், முடிச்சு நழுவும். கட்டுமுன் மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் கை வீங்கிவிட்டால் மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

வழமையான கைத்தூக்கில் முடிச்சு அடிபட்ட பக்கத்துக் காறை எலும்புக்கு மேலேயே வந்து விழும். இந்த முறிவுக்கு அது கூடாது. கையை உயர்த்தி வைத்து, முடிச்சை நல்ல தோளில் போடும் முறையே உகந்தது.

அவரை நிமிர்ந்து இருத்துங்கள். முழங்கையை அவரே பிடித்திருக்கட்டும். அடிபட்ட கையை நெஞ்சுக்குக் குறுக்கே, விரல் நுனி நல்ல தோளை நோக்கி வரும்படி, நோ அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் உயர்த்தி வையுங்கள். நல்ல தோளைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. கைக்கும் நெஞ்சுக்கும் இடையில் மடித்த துவாய் ஒன்றை வையுங்கள். கமக்கட்டுக்குள் உருட்டித் திணிக்க வேண்டாம், அது நரம்பை அழுத்தும். இப்போது முக்கோணத் துணியைக் கைக்கு மேலாக விரியுங்கள்: ஒரு நுனி நல்ல தோளின் மேல், நீள விளிம்பு அந்தப் பக்கத்து உடம்போரமாகக் கீழே தொங்க, எதிர்க் கோணம் அடிபட்ட முழங்கைக்கு வெளியே. நீள விளிம்பைக் கை, முன்கை, முழங்கை மூன்றுக்கும் அடியால் மடித்துச் செருகுங்கள். இந்த நேரத்தில்தான் அவர் பிடியை விட வேண்டும், துணையாள் ஒருவர் முழங்கையைத் தாங்கிக்கொள்ளட்டும். கீழே தொங்கும் நுனியை அடிபட்ட முழங்கைக்குக் கீழால் எடுத்து, முதுகுக்குக் குறுக்கே சரிவாக ஏற்றி, நல்ல தோளில் மற்ற நுனியோடு சேர்த்து முடியுங்கள். இடது நுனியை வலதின் மேல் ஒருமுறை, பிறகு வலதை இடதின் மேல் ஒருமுறை போட்டால் முடிச்சு தட்டையாகக் கிடக்கும், நழுவாது. முழங்கையில் எஞ்சிய கோணத்தை முறுக்கி, துணி முழங்கையை ஏந்தி நிற்கும்படி ஊக்குக் குத்துங்கள்.

நெடுந்தூரப் பயணம் என்றால் இதற்கு மேலால் அகலமாக மடித்த இன்னொரு துணியை, முன்கையையும் நெஞ்சையும் சேர்த்து உடம்பைச் சுற்றிக் கட்டி, நல்ல பக்கத்தில் முடியுங்கள். தாராளமாக மூச்சு விட முடிய வேண்டும். கட்டிய பின் நாடியையும் நகத்தையும் விரலசைவையும் மறுபடி பாருங்கள். விரல் விறைத்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

துணியே இல்லாத இடத்தில், போட்டிருக்கும் சட்டையின் கீழ் விளிம்பை முன்கைக்கு மேலால் மடித்தெடுத்து நெஞ்சில் ஊக்குக் குத்தினால் அதுவே தூக்கு.

கட்டுவதில் அடிக்கடி நடக்கும் பிழை, தூக்கு தொய்ந்து முழங்கை தொங்குவது. தொங்கும் கையின் பாரம் வெளித்துண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், நோவும் குறையாது. அடுத்த பிழை, மணிக்கட்டு துணிக்கு வெளியே மடிந்து கிடப்பது. அடுத்த நாள் புறங்கை வீங்கியிருக்கும்.

ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. தோலில் நேரே வைத்தால் சுடும். கடையில் வாங்கும் உறைந்த தண்ணீர்ப் போத்தலும் உதவும்.

கொண்டுபோவது

1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஏ9 வீதியில் என்றால் பக்கத்துக் கிலோமீற்றர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். உள்வீதி என்றால் சந்தி, பாடசாலை, கோவில், குளக்கட்டு என்று அடையாளம் சொல்லி, வீதி முகப்பில் ஒருவரை வெளிச்சத்தோடு நிறுத்துங்கள். மூச்சும் கையும் தோலும் நன்றாக இருந்தால் ஓட்டோவிலோ வானிலோ போகலாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்ற வேண்டாம், ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிரவல் வீதியில் போகும் ஒவ்வொரு குலுக்கலும் முறிவில்தான் விழும். படுக்க வைப்பதைவிட, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து இருப்பதே நோவைக் குறைக்கும். பலத்த அடி, திறந்த காயம், தூக்கிய தோல் ஏதும் இருந்தால் சாப்பாடு கொடுக்க வேண்டாம், உடனே மயக்க மருந்து கொடுக்க நேரலாம்.

கிராமத்துப் பிரதேச வைத்தியசாலை எல்லாவற்றிலும் எக்ஸ்றே இருக்காது. அங்கே முதலில் போனாலும் நட்டமில்லை, நோவுக்கு மருந்தும் ஏற்பு ஊசியும் கொடுத்து மாற்றி அனுப்புவார்கள். என்பு முறிவு நிபுணரின் பார்வைக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளை நோக்கியோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை நோக்கியோதான் போக வேண்டிவரும்.

தாலிக்கொடி, சங்கிலி, தாயத்து முதலியன எக்ஸ்றேப் படத்தில் முறிவை மறைக்கும். முன்னரே கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.

வன்னிக்கென்று ஒரு விடயம் இருக்கிறது. யுத்தத்தில் பட்ட செல் துண்டு உடம்பில் இருக்கிறது என்றால் படம் எடுக்கும் முன் சொல்லுங்கள், தோளிலோ நெஞ்சிலோ என்றால் கட்டாயம். அந்தப் பக்கம் பழைய முறிவு ஒட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய வளைவைப் புதிய முறிவாகவும், புதிய முறிவைப் பழையதாகவும் எடுக்க இடமுண்டு. பழைய எக்ஸ்றே வீட்டில் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பிறகு எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் இதை மறைக்கவே கூடாது. அந்த இயந்திரத்தின் காந்தம் உள்ளிருக்கும் இரும்புத் துண்டை அசைக்க வல்லது.

தூக்கா, தகடா

பெரும்பாலானவர்களுக்குத் தூக்கு மட்டுமே போதும். பிளாஸ்ரர் போட முடியாத எலும்பு இது, "ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள்" என்று நினைக்க வேண்டாம். முன்பு இரு தோளையும் பின்னுக்கு இழுத்து எட்டு வடிவில் கட்டுவார்கள். 1987இல் டென்மார்க்கில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது எலும்பு ஒட்டுவதில் வேறுபாடு இல்லை, தூக்குப் போட்டவர்களுக்கே சிரமம் குறைவாக இருந்தது. எட்டுக்கட்டு கமக்கட்டை அழுத்திக் கையை வீங்கவும் விறைக்கவும் செய்யும்.

திறந்த முறிவு, தோலைக் குத்தும் முனை, நரம்பு அல்லது இரத்தக் குழாய்க் காயம் இருந்தால் சத்திரசிகிச்சை தேவை. நடுமுறிவில் துண்டுகள் முற்றாக விலகி, ஒன்றன்மேல் ஒன்று 2 சதமீற்றருக்கு மேல் ஏறியிருந்தாலோ, பல துண்டாக நொறுங்கியிருந்தாலோ, வெளிநுனி முறிவு தசைநார் அறுந்து விலகியிருந்தாலோ நிபுணரோடு இருந்து கதைக்க வேண்டும். முற்றாக விலகிய நடுமுறிவுகளைப் பற்றிக் கனடாவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், தூக்கில் விட்ட 49 பேரில் 7 பேருக்கு எலும்பு ஒட்டவில்லை. சத்திரசிகிச்சையில் உலோகத் தகட்டைத் திருகாணியால் எலும்பில் பொருத்திய 62 பேரில் 2 பேருக்கே ஒட்டவில்லை. ஆனால் தகடு வைத்தவர்களில் சிலருக்குக் கிருமித்தொற்று வந்தது, சிலருக்குத் தகடு உறுத்தி அதைக் கழற்ற வேண்டிவந்தது. தழும்புக்குக் கீழே நெஞ்சுத் தோல் மரத்துப் போவதும் வழமை. பாரம் தூக்கிப் பிழைக்கும் இளைஞருக்கும், வீட்டு வேலை மட்டும் செய்யும் எழுபது வயதுக்காரருக்கும் ஒரே முடிவு பொருந்தாது. உங்கள் தொழில் என்னவென்று வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியரிடம் போவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். போவதென்று முடிவெடுத்தாலும் முதலில் எக்ஸ்றே எடுத்து வைத்தியசாலை வைத்தியரைப் பாருங்கள். இந்த எலும்பில் மூன்று விடயத்துக்கு யாரையும் அனுமதிக்க வேண்டாம்: இழுத்து நேராக்குவது, எண்ணெய் போட்டு உருவுவது, பத்துப் போட்டு மட்டை வைத்து இறுக்கிக் கட்டுவது. முதலாவது குழாயையும் நரம்பையும் குத்தலாம். இரண்டாவது, உருவாகத் தொடங்கிய புது எலும்பைத் திரும்பத் திரும்பக் குலைக்கும். மூன்றாவது, ஏற்கெனவே இழுபட்ட தோலைப் புண்ணாக்கும்.

வீட்டில்

முதல் ஒரு கிழமை நோ கடுமையாக இருக்கும். பெரியவர்களுக்குப் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் கூடாது. உடல் மெலிந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் மது கூடுதலாகப் பாவிப்பவர்களும் இதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும், அளவை வைத்தியரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆகக் கூடியது நாளுக்கு நான்கு தரம். டைக்குளோபெனாக், இபுபுறோபன் போன்றவற்றைப் பாமசியில் தாமாக வாங்கிப் போட வேண்டாம். வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில இடங்களிலும் கமக்காரர் பலருக்குச் சிறுநீரக நோய் இருக்கிறது, அது தெரியாமலும் இருக்கலாம். அந்தக் குளிசைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்து டெங்குச் சந்தேகம் இருந்தால் அவை இன்னும் ஆபத்து.

படுத்தால் முறிவு இழுக்கும். முதல் இரண்டு கிழமை சாய்மனைக் கதிரையிலோ, முதுகுக்குத் தலையணை அடுக்கிப் பாதி நிமிர்ந்தோ நித்திரை கொள்ளுங்கள். முழங்கைக்குக் கீழேயும் ஒரு சிறு தலையணை. சட்டை போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில். முன்பக்கம் பொத்தான் உள்ளதே வசதி.

நம்முடைய வெக்கையில் கமக்கட்டு வேர்த்து அவிந்து புண்ணாவது பெரிய தொல்லை. நாளுக்கு ஒருமுறை தூக்கைக் கழற்றி, நல்ல கையால் மேசையில் ஊன்றி முன்னுக்குக் குனிந்தால் அடிபட்ட கை தானாக உடம்பிலிருந்து விலகித் தொங்கும். அந்த இடைவெளியில் வேறொருவர் கழுவி, ஒற்றித் துடைக்கட்டும். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது மற்றவர் வேலை.

பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்த வேண்டாம். புது எலும்புக்குப் புரதமும் கல்சியமும் வேண்டும்: நெத்தலி, முட்டை, பால், பயறு, உளுந்து, முருங்கை இலை. புகைத்தால் எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்புக் கூடும். ஒட்டும் வரைக்காவது பீடி, சிகரெட்டை விடுங்கள், வெற்றிலையோடு போடும் புகையிலையையும் சேர்த்து.

அசைவு முதல் நாளிலிருந்தே வேண்டும், ஆனால் தோளுக்கு அல்ல. விரல்களை மூடி விரித்து, மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருங்கள். நாளுக்கு மூன்று நான்கு தரம் தூக்கைக் கழற்றி முழங்கையை முற்றாக நீட்டி மடக்குங்கள், ஒவ்வொரு தரமும் 10. இதைச் செய்யாமல் ஆறு கிழமை மடித்தே வைத்திருந்தவர்களுக்கு எலும்பு ஒட்டும், முழங்கை நிமிராது. ஒன்று இரண்டு கிழமையில் நோ தணியத் தொடங்கியதும், குனிந்து கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்டுங்கள், ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்கு. தூக்கு பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமை வரை, வைத்தியர் சொல்வதைப் பொறுத்து. ஆறு கிழமை வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேலே உயர்த்தவோ, தேநீர்க் கோப்பையைவிடப் பாரமானதைத் தூக்கவோ கூடாது. நாற்பது வயது தாண்டியவர்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் தோள் சீக்கிரம் இறுகிவிடும், அவர்கள் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போவதைத் தவறவிடக்கூடாது.

ஒட்டும் காலம் பிள்ளைகளுக்கு மூன்று முதல் ஆறு கிழமை, பெரியவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு. மூன்றாம் கிழமையில் நோ போய்விடும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அப்போது இருப்பது மெத்தென்ற புது எலும்பு, ஒரு மண்வெட்டிக் கொத்துக்கே விலகும். மோட்டார் சைக்கிளை, ஆறாம் கிழமைப் படத்தில் ஒட்டுத் தெரிந்து, இரு கையாலும் கைபிடியை இறுக்கிப் பிடித்துத் திடீரென்று பிறேக் போட முடிந்தால் மட்டும் தொடுங்கள். நெல் மூட்டை, மண்வெட்டி, இரு கையையும் குலுக்கி இழுக்கும் லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்), வலை இழுப்பு, மரம் ஏறுதல், உதைபந்து, கரப்பந்து எல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு. முறிந்த இடத்தில் ஒரு புடைப்பு நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அது வளர வளரப் பெரும்பாலும் மறையும், பெரியவர்களுக்கு நிலைக்கும். அதை அமுக்கித் தேய்க்க ஒன்றுமில்லை.

நோ குறைந்து வந்து திரும்பக் கூடினால், கை விறைத்தால், வீங்கினால், தையல் இடத்தில் சிவந்து நீர் வடிந்தால் கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் தாண்டியும் கையை உயர்த்தும்போது முறிந்த இடம் அசைவது போலவோ "கிளிக்" என்றோ இருந்தால் எலும்பு ஒட்டவில்லை என்று சந்தேகித்து மறுபடி படம் எடுக்கக் கேளுங்கள். ஒட்டாத எலும்பைத் தகடு வைத்து, வேண்டுமானால் இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து வைத்து, பிறகும் ஒட்ட வைக்கலாம்.

ஒரு காலை இழந்து ஊன்றுகோலில் நடப்பவருக்குக் காறை எலும்பு முறிந்தால் கணக்கே வேறு. ஊன்றுகோலின் முழுப் பாரமும் தோள் வழியாகவே இறங்குகிறது, ஆகவே முறிந்த பக்கம் ஊன்றவே கூடாது. ஒற்றை ஊன்றுகோலில் தத்தி நடக்கப் போனால் திரும்ப விழுவார். இதை வைத்தியசாலையில் முதல் நாளே எடுத்துச் சொல்லுங்கள். சீக்கிரம் கையை ஊன்ற வேண்டிய தேவை, தகடு வைக்க யோசிப்பதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணங்களில் ஒன்று. தகடு வைக்காவிட்டால் ஆறு கிழமைக்காவது சக்கர நாற்காலி வேண்டும், ஒரு கையால் தள்ளினால் அது வட்டமாகத்தான் சுற்றும் என்பதால் தள்ளிவிட ஓர் ஆளும் வேண்டும். பொய்க்கால் போடுபவர் என்றால் அதைப் பூட்டிக் கழற்ற இரண்டு கை தேவைப்படும், வீட்டில் ஒருவர் அதைப் பழகிக்கொண்டு அவரை வீட்டுக்குக் கூட்டிவாருங்கள்.